நான் பிடித்த முயலுக்கு மூன்று ஞாயிறு

கறிக்கடைக்காரர் முயலைத் தலையோடு கொடுத்தார். தோலுரித்து, கழுவி, நீளவாக்கில் படுக்க வைத்துக் காகிதத்தில் சுற்றியபோது தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "தலை வேண்டாம், வெட்டிவிடுங்கள்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தலை இல்லாவிட்டால் இது முயல்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பின்னால் நின்ற இரண்டு பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மேல்மாடியில் இருக்கும் சிஞோராவிடம் (இங்கே பெண்களை மரியாதையாக அழைப்பது இப்படித்தான்) கேட்டபோதுதான் புரிந்தது. தோலும் தலையும் போய்விட்டால் முயலும் பூனையும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பஞ்ச காலத்தில் பூனையை முயல் என்று சொல்லி விற்ற கதைகள் இத்தாலியில் ஊருக்கு ஊர் உண்டு. விச்சென்சா நகரத்துக்காரர்களுக்கு இன்றைக்கும் 'மான்யாகாத்தி', அதாவது பூனை தின்னிகள் என்று பட்டப்பெயர். ஆக, தலை என்பது ஒரு வகை ரசீது. அந்த ரசீதை நான் முதல் ஞாயிறே குப்பையில் போட்டேன். அதைப் பற்றி அப்புறம்.

நான் இருப்பது ஜெனோவாவில். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். எங்கள் ஊரில் முயல் என்றால் கடலைக் காட்டில் ஓடுவது. தாத்தா காலத்தில் வலை கட்டிப் பிடித்திருக்கிறார்கள். இப்போது பிடித்தால் வனத்துறை வழக்குப் போடும். அந்த முயலுக்கு இத்தாலியில் 'லேப்ரே' என்று பெயர். கறி கருஞ்சிவப்பு, வாடை பலமாக இருக்கும். நான் வாங்கியது 'கொனீல்யோ': கூண்டில் வளர்ப்பது, கோழி நெஞ்சைப் போல வெளிர் நிறம். நாம் இரண்டையும் முயல் என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். இவர்களோ இரண்டையும் ஒரே சட்டியில் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. என் முதல் தவறு இங்கேதான் ஆரம்பித்தது. காட்டு முயலுக்கான வைத்தியத்தை வீட்டு முயலுக்குச் செய்தேன்.

செய்ய நினைத்தது 'கொனீல்யோ அல்லா லிகுரே', ஜெனோவா இருக்கும் லிகூரியா மாநிலத்துக் கிராமத்து முயல் சமையல். சிஞோராவின் பிறந்த ஊர் தாஜ்ஜா என்னும் ஊருக்கு மேலே, அர்ஜென்டினா பள்ளத்தாக்கில். (அந்த நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கே ஓடும் ஆற்றுக்கு அந்தப் பெயர்.) கடலை ஒட்டியே மலை எழும்பும் பூமி. கல்லை அடுக்கிச் சுவர் கட்டி, படிப்படியாக நிலம் திருத்தி, ஒலிவ மரம் நட்டிருக்கிறார்கள். மாடு மேய்க்க இடம் ஏது? வீட்டுக்குப் பின்னால் நாலு கூண்டு போட்டு முயல் வளர்த்தார்கள். படிக்கட்டு நிலத்தில் அறுத்த புல், சமையலறையில் மிஞ்சிய காய்த்தோல், இது போதும் தீவனத்துக்கு. சினைக்காலம் ஒரே மாதம். வளர்ப்பது பெரும்பாலும் பெண்கள். கோழியும் முட்டையும் சந்தைக்குப் போகும், முயல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டிக்குப் போகும். அந்தச் சட்டியில் விழுவதும் சுற்றுவட்டாரத்தில் விளைவதுதான்: தாஜ்ஜாவின் பெயரையே தாங்கிய 'தஜ்ஜாஸ்கா' என்னும் சின்னஞ்சிறு ஒலிவக்காய், ரோஸ்மேரி, தைம் என்னும் மூலிகைகள், பைன் கொட்டை, உள்ளூர்ச் சிவப்பு வைன். ஒலிவ எண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதல் ஞாயிறு நடந்ததைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், எனக்கே வெட்கம். 'கறி என்றால் கவுச்சி போக வேண்டும்' என்று ஊர்ப் பழக்கத்தில் வினிகர் கலந்த தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டேன். காலையில் சொன்ன சாமான்களையெல்லாம் ஒன்றாகப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரில் நாலு விசில். திறந்தால் தண்ணீராகச் சாறு, மேலே மிதக்கும் நுரை, தொடைக்கறி நார் நாராகப் பிரிந்து கிடந்தது. முதுகுத் துண்டைக் கடித்தபோது மரத்தூள் தின்கிற மாதிரி இருந்தது. வாயில் போட்டதை விழுங்க வைன் தேவைப்பட்டது.

சிஞோரா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, மரியாதைக்கு மென்று, "இந்தப் பாவப்பட்ட பிராணியை இரண்டு முறை கொன்றிருக்கிறாய்" என்றார். பிறகு தலை எங்கே என்று கேட்டார். குப்பையைக் காட்டினேன். அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

அன்றைக்கு அவர் சொன்னதில் முக்கியமானது இதுதான்: வீட்டு முயலில் கொழுப்பே இல்லை. ஆட்டுக்கறியில் இழைக்குள் ஓடும் கொழுப்பு இதில் கிடையாது. இருப்பதெல்லாம் குண்டிக்காயைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டி, அவ்வளவுதான். அதனால் தண்ணீரில் எவ்வளவு மிதக்கவிட்டாலும் உள்ளே ஈரம் ஏறாது. வெளியிலிருந்து எண்ணெயும், கரண்டி கரண்டியாகச் சாறும், சிறு தீயும்தான் அதைக் காப்பாற்றும். அப்புறம் தொடையும் முதுகும் ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு வேறு கறி, ஒரே நேரத்தில் வேகாது.

இரண்டாம் ஞாயிறு வேறு வகைச் சோதனை. மண்சட்டியில் செய்தால்தான் சரியாக வரும் என்று யாரோ சொல்ல, மூடியோடு ஒரு 'தெகாமே' வாங்கினேன். அகலமான, தாழ்ந்த மண்சட்டி. உள்ளே பளபளவென்று மெருகு பூசியிருக்கும், அடியில் வெறும் மண். மெருகைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். நேராக எரிவாயு அடுப்பில் பெரிய தீயில் வைத்து, எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் போட்டுச் சிவக்க விட்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெள்ளை வைனை ஒரே ஊற்றாக ஊற்றினேன்.

'டக்.' சத்தம் பெரிதாக இல்லை. நகத்தைச் சுண்டினால் வருகிற அளவுதான். சட்டியின் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு மயிரிழை ஓடியது. இரண்டு நொடி கழித்து அந்த இழை ஈரமானது, பிறகு அடுப்பில் சொட்டு விழுந்து தீ மஞ்சளாக எரிந்தது. அவசர அவசரமாகத் துண்டுகளை எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றினேன்.

இதில் வேதனை என்னவென்றால், எனக்கு இது தெரியும். புதுச் சட்டி வாங்கினால் அம்மா ஒரு நாள் தண்ணீரில் மூழ்கவைப்பார், அடுத்து அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைப்பார், அப்புறம்தான் குழம்பு. 'சட்டியைப் பழக்குவது' என்று அதற்குப் பெயரே உண்டு. இத்தாலிச் சட்டி என்றதும் அது வேறு மண்ணால் செய்தது என்று நினைத்துவிட்டேன் போல. இங்கேயும் முன்பெல்லாம் விரிசல் விட்ட சட்டிக்குத் துளையிட்டு, கம்பியால் தைத்துக் கொடுக்க ஆட்கள் ஊர் ஊராக வருவார்கள். இப்போது யார் வருகிறார்கள்? என் சட்டி பால்கனியில் ரோஸ்மேரிச் செடிக்குத் தொட்டியானது. விரிசல் வழியாகத் தண்ணீர் வடிவதால் செடி நன்றாகவே இருக்கிறது.

சட்டி போனது போக, அன்றைக்கு மற்ற இரண்டு தப்பும் நடந்தது. ஆரம்பத்திலேயே உப்புப் போட்டேன்; ஒலிவக்காய் உப்புநீரில் ஊறி வருவது என்பது நினைவில் இல்லை. சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போனது. பைன் கொட்டையைத் தனியாக வறுக்கப் போட்டு, கைப்பேசி அடித்ததும் திரும்பினேன். அந்தக் கொட்டை முந்திரி மாதிரி அவகாசம் கொடுக்காது. வெள்ளை, பொன்னிறம், கரி, எல்லாம் அரை நிமிடத்துக்குள்.

ஆனால் அன்றைக்கு ஒரு நல்லதும் நடந்தது. முதுகுத் துண்டுகளை முன்னதாகவே எடுத்து வைத்தேன். உப்புக் கரித்தாலும் அது மென்மையாக இருந்தது. சரி, பாதை தெரிந்துவிட்டது.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய இரவே வேலையைத் தொடங்கினேன். புதுச் சட்டி ஒன்று வாங்கி வாளித் தண்ணீரில் மூழ்கவைத்தேன். போட்டதும் புசுபுசுவென்று குமிழி விட்டது. மெருகு இல்லாத அடிப்பாகம் தண்ணீர் குடிக்கும் சத்தம். கூடவே தீயைப் பரப்பும் இரும்புத் தட்டு ஒன்றும் வாங்கினேன். எரிவாயு அடுப்புக்கும் மண்சட்டிக்கும் நடுவில் அது கட்டாயம் வேண்டும்.

முயல் ஒன்றேகால் கிலோ. இந்த முறை நானே வெட்டினேன், சிஞோரா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கத்தியை ஓங்கியதுமே கையைப் பிடித்தார். முயல் எலும்பு மெல்லியது. வெட்டுக்கத்தியால் கொத்தினால் ஊசி ஊசியாகச் சிதறும், சாப்பிடும்போது பல் ஈறில் குத்தும். மூட்டு பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். முன்கால் எளிது. தோள்பட்டை உடம்போடு எலும்பால் சேர்ந்திருப்பதில்லை, தசையால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தியை ஓட்டினால் பேப்பர் கிழிவதுபோல வந்துவிடும். பின்காலை வெளிப்பக்கமாக மடக்கினால் இடுப்பில் 'பொளக்' என்று குண்டு மூட்டு கழன்று வெள்ளையாக வெளியே தெரியும். அதைச் சுற்றி அறுத்தால் போதும். முதுகைத்தான் முள்ளெலும்புகளுக்கு நடுவில் கத்தி நுனியால் தேடித் தேடி மூன்று துண்டாக்கினேன். முதுகின் மேல் வெள்ளி மாதிரி மின்னும் ஒரு சவ்வு இருக்கும். அதை உரிக்காவிட்டால் சூட்டில் சுருங்கி, துண்டை வில்லாக வளைத்துவிடும். ஈரலில் பித்தப்பையைக் கடைக்காரரே எடுத்திருந்தார். அது இருந்த இடத்தில் பச்சைக் கறை ஒட்டியிருந்தது, அந்த ஓரத்தை மட்டும் நறுக்கி எறிந்தேன்.

காலை பத்து மணிக்குத் தலை, கழுத்து, விலாவின் முன்பாதி ஆகியவற்றை அரை வெங்காயம், ஒரு காரட், ஒரு செலரித் தண்டு, லாரல் இலை இரண்டோடு ஒரு லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் ஏற்றினேன். லாரல் இலை வேறு, நம் பிரிஞ்சி இலை வேறு; பிரிஞ்சியில் வரும் பட்டை வாசனை இதில் வராது. ஒரு மணி நேரத்தில் சாறு முக்கால் லிட்டருக்கும் கீழே வந்தது.

வினிகரில் ஊறப்போடவா என்று கேட்டேன். "அது வேட்டைக்காரன் கொண்டுவரும் கிழட்டு லேப்ரேவுக்கு. இதற்குத் தண்ணீர் விடவைத்தால் போதும்" என்றார் சிஞோரா. 'தண்ணீர் விடவைப்பது' என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எண்ணெய் இல்லாத வெறும் வாணலியில் துண்டுகளைப் போட்டு, மூடி, மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் வைத்தோம். திறந்தால் அடியில் அரை டம்ளர் சாம்பல் நிறத் தண்ணீர். முதல் ஞாயிறு என் குக்கரில் வந்த அதே வாடை. அன்றைக்கு நான் குழம்பென்று சாப்பிட்டதை இன்றைக்குத் தொட்டியில் கொட்டினோம். துண்டுகளைத் துணியால் ஒற்றி உலர்த்தினோம். உலராத கறி சிவக்காது, ஆவியில்தான் வேகும்.

சட்டியை இரும்புத் தட்டின் மேல் வைத்து, மிகச் சிறிய தீயில் பத்து நிமிடம் சும்மா சூடாக விட்டோம். பொறுமை கெடும் நேரம் இது. பிறகு ஆறு மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெய், தோலோடு நசுக்கிய பூண்டு இரண்டு பல், ஒரு கொத்து ரோஸ்மேரி, கொஞ்சம் தைம். நான் குண்டிக்காய்க் கொழுப்பிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு நறுக்கிப் போட்டேன். சிஞோரா புருவத்தை உயர்த்தினார், தடுக்கவில்லை. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இரண்டு தவணையாகச் சிவக்கவைத்தோம். மண்சட்டியில் இதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. இரும்பு வாணலியில் பாதி நேரம் போதும். ஆனால் மண்ணில் வரும் சிவப்பு வேறு. ஓரம் கருகாமல், துண்டு முழுக்கத் தேன் நிறம்.

துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு அதே எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம். வெங்காயம் கண்ணாடியானதும் ஈரலில் பாதியைக் கத்தியால் கொத்திப் பேஸ்டாக்கிச் சேர்த்தார் சிஞோரா. அது எண்ணெயில் கரைந்து மறைந்தே போனது. சாறு கடைசியில் கெட்டிப்பட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், மாவு எதுவும் போடவில்லை.

தொடைகளும் முன்கால்களும் மட்டும் திரும்ப உள்ளே. இப்போது வைன். டோல்ச்சேயாக்வாவின் ரொஸ்ஸேஸே ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி. லிகூரியாவிலேயே முதன்முதலாக 1972இல் அரசின் ஊர்ப்பெயர் உரிமை பெற்ற வைன் அது. மெலிதான சிவப்பு, கறியை ஊதா ஆக்காது. பலர் வெள்ளை வெர்மென்டினோ ஊற்றுகிறார்கள், அதுவும் தப்பில்லை. நான் இந்த முறை வைனை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கவைத்து வெதுவெதுப்பாக்கி, ஓரத்திலிருந்து மெல்ல ஊற்றினேன். 'டக்' வரவில்லை. மூடாமல் சுண்ட விட வேண்டும். எப்போது போதும்? சட்டிக்கு மேல் மூக்கைக் கொண்டுபோனால் சாராய நெடி கண்ணைக் கரிக்கக் கூடாது, ரோஸ்மேரி வாசனைதான் வர வேண்டும்.

அப்புறம் இரண்டு கரண்டி சாறு, மூடி கொஞ்சம் திறந்தபடி, கொதி தெரியாத தீ. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை துண்டைத் திருப்பி, காய்ந்தால் இன்னொரு கரண்டி. முப்பத்தைந்து நிமிடம் கழித்து முதுகுத் துண்டுகளைச் சேர்த்தேன். கூடவே உப்புநீர் போக அலசிய ஒலிவக்காய் ஒரு பெரிய கைப்பிடி, கொட்டையோடு. கொட்டை நீக்கியது போட்டால் சாறு கசக்கிறது என்பது சிஞோராவின் கட்சி. விருந்தாளியின் பல்லைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் பைன் கொட்டை முப்பது கிராம், பாதி முழுசாக, பாதி உரலில் தட்டி. வறுக்கவே இல்லை. மீதி ஈரலும் குண்டிக்காயும் கடைசி ஐந்து நிமிடம். உப்பு எல்லாம் முடிந்த பிறகு ஒரு சிட்டிகை. மிளகாய் போடவில்லை. கை அரித்தது, ஆனால் போடவில்லை.

பின்காலின் நுனியில் கறி எலும்பை விட்டு ஒரு விரலளவு மேலே ஏறிவிட்டால் வெந்துவிட்டது என்று கணக்கு. அடுப்பை அணைத்த பின்னும் சட்டி பத்து நிமிடத்துக்குத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இதையும் கணக்கில் எடுத்து முன்னதாகவே அணைத்திருக்க வேண்டும். முதுகுத் துண்டு ஒன்று கொஞ்சம் தாண்டிவிட்டது.

"தக்காளி வேண்டாமா?" என்று நடுவில் கேட்டது என் தப்பு. "தக்காளி போட்டால் அது வேறு கறி" என்று ஆரம்பித்தார். 'அல்லா கச்சத்தோரா', வேட்டைக்காரர் பாணி என்று இத்தாலி முழுக்க ஒரு பெயர் உண்டு. ஒரு ஊரில் தக்காளி, ஒரு ஊரில் வினிகரும் நெத்திலியும், எல்லோரும் தங்களுடையதுதான் அசல் என்பார்கள். நேபிள்ஸ் பக்கத்து இஸ்கியா தீவில் முயலை ஆழமான குழியில் விட்டு வளர்ப்பார்கள். அது தானே வளை தோண்டிக்கொள்ளும். அதைச் சின்னத் தக்காளியோடு மண்சட்டியில் சமைத்து, சாற்றை 'பூக்கத்தீனி' என்னும் துளையுள்ள நீளப் பாஸ்தாவில் கலந்து முதல் பந்தி, கறி இரண்டாம் பந்தி. சிஞோராவிடம் இஸ்கியா பேச்சை எடுத்தால் "தெற்கத்திக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழமொழி உண்டு என்றேன்: நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். என் இத்தாலியனில் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்தக் கால் இல்லை? முன்காலா, பின்காலா?"

தெரியவில்லை என்றேன்.

"பின்கால் என்றால் விலையைக் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும்."

ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். தட்டில் சாறு கரண்டியால் எடுத்து ஊற்றும் அளவுக்கு இல்லை, துண்டுகள் மேல் பூசினாற்போல எண்ணெயும் ஒலிவமும் மினுங்கிக்கொண்டிருந்தது. பின்கால் எலும்பிலிருந்து முள்கரண்டி பட்டதும் வந்தது, ஆனால் உதிரவில்லை. பைன் கொட்டை வெந்த நிலக்கடலை மாதிரி மெத்தென்று இருந்தது. கடைசியில் ரொட்டியைப் பிய்த்துத் தட்டை வழித்தோம். 'ஸ்கார்பெட்டா' என்பார்கள், நேர்ப்பொருள் குட்டிச் செருப்பு. பெரிய விருந்தில் இப்படி வழிப்பது மரியாதை இல்லையாம். சிஞோரா என் தட்டையும் இழுத்து வழித்தார்.

"உப்பு இன்னும் ஒரு சிட்டிகை போட்டிருக்கலாம்" என்றார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், சாறு எடுத்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்.

"தலை எங்கே?"

சாற்றை வடிகட்டியதும் சக்கையோடு தூக்கிப் போட்டிருந்தேன். ஒரு மணி நேரம் வெந்த கன்னத்துக் கறியும் மூளையும் அவருடைய பங்காம், சிறுவயதிலிருந்தே. முந்தின ஞாயிறே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "தலையை எறியாதே என்று முதல் நாளே சொன்னேனே" என்றார்.